ரெயிலுக்கு ஊதா கலர் அடித்தால் என்ன?

ரெயிலுக்கு முகம் உண்டா?

"உண்டு" என்பான் நாலு வயதுப் பையன். கண் உண்டு, மூக்கு உண்டு, வாய் உண்டு. கோபம் வந்தால் புருவத்தை நெரிக்கும். தூக்கம் வந்தால் கொட்டாவி விடும். கலர் தீட்டும் புத்தகத்தைப் புரட்டினால் பையன் சொல்வது சரி என்று தெரியும். என்ஜினின் முன்பக்கத்தில், வட்டமாக, ஒரு முகம் சிரிக்கிறது. கீழே சக்கரங்கள். மேலே புகைபோக்கி. பின்னால் இரண்டு பெட்டிகள். எல்லாம் வெறும் கோடுதான். கலரைக் குழந்தை போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல வீடுகளில் இந்தப் புத்தகம் தரையில் விரிகிறது. பையன் குப்புறப் படுத்துக்கொள்கிறான். டப்பாவைக் கொட்டி, ஊதா கலரை எடுத்து என்ஜின் மேல் தேய்க்கிறான். கோடு எங்கே, கலர் எங்கே! சக்கரமும் ஊதா, தண்டவாளமும் ஊதா, ஆகாயத்திலும் கொஞ்சம் ஊதா.

அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"டேய், ரெயில் எங்கேடா ஊதா கலர்லே இருக்கு? கோட்டைத் தாண்டாமே போடு. இப்படிக் கொடு, நான் காட்டறேன்."

கலர் கைமாறுகிறது. அம்மா அழகாகத்தான் போடுகிறாள். படம் முடிந்து சுவரில் ஒட்டியும் ஆகிவிட்டது. விருந்தாளிகள் பார்த்து மெச்சுகிறார்கள். ஆனால் அடுத்த வாரம் பையன் புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்துவிட்டு, "நீயே போட்டுக் குடும்மா. எனக்கு வராது" என்கிறான்.

எனக்கு வராது! நாலு வயதில் வரக்கூடிய வார்த்தையா இது? ஒரு ரெயில் படத்துக்காக இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

முகம் வந்த கதை

ரெயிலுக்கு முகம் வைத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஒரு பாதிரியார். பெயர் வில்பர்ட் ஆட்ரி. இங்கிலாந்துக்காரர். 1911-ல் பிறந்து 1997-ல் காலமானவர்.

அவர் சிறுவனாக இருந்தபோது, பாக்ஸ் என்ற ஊரில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. அந்த இடத்தில் பாதை மேடாக ஏறும். இரவில் சரக்கு ரெயில் வந்தால் ஒரு என்ஜின் போதாது. முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் இன்னொன்று தள்ளும். படுக்கையில் கிடந்தபடியே சிறுவன் அந்தச் சத்தத்தைக் கேட்பான். முன் என்ஜின் "என்னால் முடியவில்லையே" என்று மூச்சு வாங்குவது போலவும், பின் என்ஜின் "முடியும், முடியும்" என்று தைரியம் சொல்வது போலவும் அவனுக்குத் தோன்றும். என்ஜின்களுக்குப் பேசத் தெரியும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டான்.

பிறகு அவர் பாதிரியார் ஆனார். கலியாணம் ஆயிற்று. கிறிஸ்டபர் என்று ஒரு மகன் பிறந்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபோது, மணல்வாரி அம்மை கண்டது. இருட்டறையில் படுக்க வைத்தார்கள். விளையாடக் கூடாது, வெளியே போகக் கூடாது. பிள்ளை சிணுங்கினான்.

அப்பா கதை சொல்லத் தொடங்கினார். ரெயில் கொட்டடியில் நிற்கும் என்ஜின்களைப் படமாகவும் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். அதில் ஒரு முகம் வாடியிருந்தது.

பிள்ளை சும்மா இருப்பானா? இந்த என்ஜின் ஏன் சோகமாக இருக்கிறது, இதற்குப் பேர் என்ன என்று குடைந்தான். அப்பா பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பேர் எட்வர்டு. வயதான என்ஜின். ரொம்ப நாளாக யாரும் வெளியே ஓட்டிப் போகவில்லை, அதனால் சோகம். அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்த நாள் அதே கதையை மாற்றிச் சொன்னால் பிள்ளை விடமாட்டான். "நேற்று அப்படிச் சொல்லவில்லையே" என்பான். மறந்துபோகாமல் இருப்பதற்காக அப்பா கதைகளை எழுதி வைத்தார். போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம். பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில்தான் எழுதினார்.

அவை வீட்டோடு நின்றிருக்கும். மனைவி மார்கரெட்தான் புத்தகமாகப் போட வேண்டும் என்று வற்புறுத்தினாள். 1945-ல் முதல் புத்தகம் வெளிவந்தது. பிள்ளைக்காகத் துடைப்பக் கட்டையையும் மரத் துண்டுகளையும் வைத்து அப்பா ஒரு சின்ன என்ஜின் செய்து கொடுத்தார். அதற்கு தாமஸ் என்று பேர். 1946-ல் தாமஸ் புத்தகத்தில் ஏறினான். 1984-ல் டெலிவிஷனுக்கும் வந்தான். இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் நீலக் கலரைத் தேடி எடுத்துத் தீட்டுவது அவனைத்தான்.

கதையை நடத்தியது யார் என்று பாருங்கள். அப்பா படம் போட்டார். பிள்ளை கேள்வி கேட்டான். கேள்வி இல்லாவிட்டால் அது இருட்டறையில் கிறுக்கிய ஒரு காகிதம், அவ்வளவுதான்.

கலரால் வந்த சண்டை

"அப்படியானால் குழந்தை எந்தக் கலர் போட்டாலும் சரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்ரியைக் கேட்டிருந்தால் லேசில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். தம் புத்தகத்துக்குப் படம் போடும் ஓவியர் விஷயத்தில் மகா கறாரான மனிதர். முகம் மட்டும்தான் கற்பனை, மற்றதெல்லாம் நிஜ என்ஜின் போலவே இருக்க வேண்டும் என்பார்.

முதல் புத்தகத்தில் ஹென்றி என்ற பச்சை என்ஜினுக்குக் கடைசியில் நீல வர்ணம் அடித்துவிட்டார்கள். கார்டன் என்ற பெரிய என்ஜினும் நீலம். எது ஹென்றி, எது கார்டன்? அடையாளம் தெரியாமல் குழப்பம். கடைசியில் ஹென்றிக்கு மறுபடியும் பச்சை அடிக்க வேண்டியதாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்குக் கலர்தான் பேர்ப்பலகை. நீலம் என்றால் தாமஸ், சிவப்பு என்றால் ஜேம்ஸ், பச்சையில் குட்டியாக இருந்தால் பெர்சி.

அந்தப் பெர்சியால் பெரிய சண்டையே வந்தது. 1956-ல் பெர்சிக்கென்று ஒரு தனிப் புத்தகம் வெளியாயிற்று. ரெஜினால்டு டால்பி என்ற ஓவியர் அதற்கு முன்பே பல புத்தகங்களுக்குப் படம் போட்டவர். அவருடைய பெர்சி, சிவப்புக் கோடு போட்ட பச்சைக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கிறது என்று ஆட்ரி சொல்லிவிட்டார். டால்பிக்கு ரோஷம். அதோடு விலகிக்கொண்டார். பின்பு வந்த ஜான் கென்னி நேரே ஸ்டேஷனுக்குப் போய், என்ஜினைப் பார்த்து வரைந்தார். பாதிரியாருக்குத் திருப்தி.

படத்துக்குப் படம் என்ஜின் மாறுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகள்தான். கடிதம் எழுதிக் கேட்டார்கள். இந்தத் தொல்லை தாங்காமல் ஆட்ரி, தம்பி ஜார்ஜுடன் உட்கார்ந்து, சோடோர் என்று ஒரு தீவையே கற்பனை செய்து, ஊரும் ஆறும் பாதையும் குறித்து வரைபடம் போட்டுவிட்டார்.

ஆக, சரியான கலர் வேண்டும் என்று குழந்தைகளும் கேட்பார்கள். ஆனால் தாங்களாகக் கேட்பார்கள். கேட்கிற வயது வரவேண்டும். நாலு வயதில், எந்தக் கலர் பிடிக்கிறதோ அதுதான் கையில் வரும். ஏழு வயது நெருங்கும்போதுதான் பெரும்பாலான குழந்தைகள் புல்லுக்குப் பச்சை, வானத்துக்கு நீலம் என்று பொருளோடு கலரைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நாலு வயதுப் பையனிடம் ஏழு வயதுக் கணக்கைக் கேட்டால் அவன் எங்கே போவான்?

ஒரு பேராசிரியரின் கோபம்

கலர் தீட்டும் புத்தகமே வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. விக்டர் லோவன்பெல்டு என்ற பேராசிரியர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குழந்தை ஓவியம் பற்றிப் பாடம் சொன்னவர். 1947-ல் அவர் எழுதிய புத்தகம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் மிகவும் பேர்பெற்றது.

அவர் காட்டும் உதாரணம் இது. ஒரு குழந்தை தானாகப் பறவை வரைகிறது. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, ஆனால் உயிர் இருக்கிறது. பிறகு அச்சடித்த பறவைப் படங்களுக்குக் கலர் தீட்டும் பயிற்சி கொடுக்கிறார்கள். அதன் பின் "ஒரு பறவை வரை" என்றால், குழந்தை தன் பறவையை மறந்துவிட்டது. அச்சுப் படத்தைப் போல ஒன்றை, உயிரில்லாமல் போடுகிறது. அச்சடித்த கோடு குழந்தையின் தன்னம்பிக்கையைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையா என்றால் சந்தேகம்தான். புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, "கோட்டைத் தாண்டாதே" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு, பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டால் பேராசிரியர் சொன்னதுதான் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ரெயில் ஏன் இப்படி முழிக்கிறது?" என்று ஒரு கேள்வி போட்டால் கதையே வேறு. முகம் வைத்த ரெயில் படத்தின் விசேஷம் அதுதான். வெறும் பூவையோ ஆப்பிளையோ பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

உட்காரும் விதம்

கலரைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்காருவது எப்படி? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கலர்க் குச்சியை முஷ்டியால்தான் பிடிக்கும். தோளிலிருந்து கையை ஆட்டும். கோட்டுக்குள் நிற்க அந்தக் கையால் முடியவே முடியாது. அதைத் தப்பு என்பது, நடை பழகும் பிள்ளையை ஓடவில்லை என்று திட்டுவது போல. கொஞ்சம் கொஞ்சமாக முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல் என்று வேலை இறங்கிவரும். பருமனான மெழுகுக் கலர் சின்னக் கைக்கு நல்லது. உடைந்துபோன துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு அங்குலத் துண்டை முஷ்டியால் பிடிக்க இடமில்லாததால், விரல் நுனியால் பிடிக்கக் குழந்தை தானே பழகிக்கொள்ளும். பிற்பாடு பென்சில் பிடிக்க அது உதவும்.

படத்துக்கு அடியில் பழைய பத்திரிகையை விரியுங்கள். தரைக்குக் கலர் போனால் கோபம் வரும். கோபம் வந்தால் விளையாட்டு போயிற்று.

அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ, உட்காருபவருக்கு என்று தனியாக ஒரு படம் வேண்டும். குழந்தையின் படத்தில் கை வைக்காமல் இருக்க இது ஒன்றே வழி. "அப்பா ரெயிலுக்கு என்ன கலர் போடலாம்?" என்று குழந்தையைக் கேட்கலாம். "மஞ்சள்" என்றால் மஞ்சளே போட வேண்டும். தகப்பனார் தன் பேச்சைக் கேட்டு மஞ்சள் ரெயில் போடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் பேச்சு. "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் பேச்சு அங்கே முடிந்தது. "இந்த ரெயில் எங்கே போகுது?" என்றால் பேச்சு கிளம்புகிறது. பாட்டி ஊருக்குப் போகுது. பெட்டிக்குள்ளே யார் யார்? பாட்டி, பூனைக்குட்டி, பக்கத்து வீட்டுப் பாப்பா. ஏன் புருவத்தை நெரிக்குது? சிக்னல் விழவில்லை. சில சமயம் வேறு பதிலும் வரும். "அதுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கலை." தன்னைப் பற்றி நேரே சொல்லத் தெரியாத குழந்தை, ரெயிலைப் பற்றிச் சொல்லிவிடும். அந்த இடத்தில் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். "யாரு கூட சண்டை அந்த ரெயிலுக்கு?" என்று மெல்ல ஒரு வார்த்தை கேட்டால் போதும். மீதியைக் குழந்தையே சொல்லும்.

படம் முடிந்ததும் காகிதத்தைத் திருப்புங்கள். பின்பக்கம் வெள்ளை. "ரெயில் போற ஊரை இங்கே போடு" என்று சொல்லுங்கள். அச்சுக் கோடு இல்லாத அந்தப் பக்கம் முழுக்க முழுக்கக் குழந்தையுடையது. பேராசிரியரும் ஆட்சேபிக்க மாட்டார்.

புத்தகம் வாங்க வசதி இல்லையென்றாலும் கவலை இல்லை. ஒரு நீளக் கட்டம், அதன் மேல் ஒரு சின்னக் கட்டம், கீழே நாலு வட்டம், முன்னால் ஒரு பெரிய வட்டம். பெரிய வட்டத்துக்குள் இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் போட்டால் ரெயில் சிரித்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைப் போடலாம்.

எப்போது கவனிக்க வேண்டும்?

ஊதா ரெயிலுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் உண்டு. ஐந்தாறு வயதுக்கு மேல், "சிவப்பை எடு" என்றால் பச்சையையோ பழுப்பையோ எடுத்து நீட்டினால், அது அடிக்கடி நடந்தால், கண் டாக்டரிடம் காட்டுவது நல்லது. நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறையாக இருக்கலாம். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். பரம்பரையாக, தாய் வழியாக வருவது. தாய்க்கு அந்தக் குறை இல்லாமலே பிள்ளைக்கு வரலாம். பள்ளிக்கூடத்தில் கவனக் குறைவு என்று அடி வாங்குவதற்கு முன் தெரிந்துகொண்டால் பிள்ளை தப்பிக்கும்.

இந்தக் குறைக்கும் ரெயிலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1875-ல் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரெயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். சிக்னல் கலரைத் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர் வாதாடினார். கலர் கலராகக் கம்பளி நூல்களைக் குவித்து, "இதற்குச் சேர்ந்ததை எடு" என்று சொல்லி ரெயில்வே ஊழியர்களைச் சோதித்தார். விபத்துக்குக் காரணம் அதுதானா என்பதில் பிற்காலத்தில் சந்தேகம் கிளம்பியது. சோதனை மட்டும் நிலைத்துவிட்டது. நம் நாட்டிலும் கலர்ப் பார்வைச் சோதனையில் தேறாமல் யாரும் என்ஜின் ஓட்ட முடியாது.

நம் ரெயிலுக்கு என்ன கலர்?

"ரெயில் எங்கேடா ஊதா கலர்லே இருக்கு?" என்று அதட்டுகிற அம்மாவிடம், "அப்போ என்ன கலர்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

தாத்தா, "செங்கல் கலர்" என்பார். சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ந் தேதி திறக்கப்பட்ட ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் வெகுகாலம் அந்தக் கலரில்தான் ஓடின. அப்பா, "நீலம்" என்பார். 1990-களுக்குப் பிறகு நீலப் பெட்டிகள் பெருகின. அதே பெரம்பூர் தொழிற்சாலையில் தயாரான வந்தே பாரத் 2019-ல் ஓடத் தொடங்கியபோது வெள்ளையும் நீலமும். 2023-ல் காவி கலரிலும் ஒரு வந்தே பாரத் வந்துவிட்டது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று கலர். ஊதா மட்டும் வரக்கூடாது என்று யார் சொன்னது?

விரல் பிடித்துப் போய் நிஜத்தைக் காட்டுவதும் நல்லதுதான். பெரம்பூர் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 2002-ல் திறந்த ரெயில்வே மியூசியம் இருக்கிறது. பழைய என்ஜின்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு அவரவர் ஊர் லெவல் கிராசிங் போதும்.

கொஞ்சம் பெரிய குழந்தைகளை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போக முடிந்தால் இன்னும் விசேஷம். அங்கிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை போட்டார்கள். 16 குகைகள், 250 பாலங்கள். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். பெட்டிகள் நீலமும் வெண்மஞ்சளும்.

குழந்தை கலர் தீட்டிய எல்லாப் படத்திலும் என்ஜின் முன்னால்தான் இருந்திருக்கும். இங்கே, குன்னூருக்கு ஏறும்போது, நீராவி என்ஜின் பின்னால் நின்று தள்ளும். பெட்டிகள் வழுக்கி விழுந்துவிடாமல் முதுகு கொடுத்துத் தாங்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளை, வெள்ளைக் காகிதத்தில் முதலில் பெட்டிகளைப் போட்டு, கடைசியில் என்ஜினைப் போட்டு, அதற்கு ஒரு முகமும் வைத்தால், அது யாரைப் பார்க்கிறது, என்ன சொல்லித் தள்ளுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.